சீராக ஓடும் குதிரை

கச்சேரி கேட்கிறவர்களுக்குத் தெரியும், வேகம் வேறு, காலப்பிரமாணம் வேறு. எடுத்த காலத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்து நிற்கும் மிருதங்கத்தைக் கேட்டால் கை தானாகத் தொடையில் தாளம் போடும். விரல் எவ்வளவு பறந்தாலும் காலம் தள்ளாடினால் ஏதோ நெருடும். என்ன நெருடுகிறது என்று சொல்லத் தெரியாதவருக்கும் நெருடும். கேம் விளையாடுவதற்கான கணினியையும் நான் இந்தக் காதை வைத்துக்கொண்டுதான் எடை போடுகிறேன்.

திரையில் நொடிக்கு 60 படங்கள் வருகின்றன என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி செகண்ட் அவகாசம். 144 என்றால் 7 மில்லி செகண்டுக்கும் கீழே. கடையிலும் விளம்பரத்திலும் சொல்லும் எண் சராசரிதான். சராசரி 90 காட்டும் கணினி, நடுவே ஒரே ஒரு படத்துக்கு 50 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டால் போதும், திரை விக்கும். சராசரியில் அந்த விக்கல் தெரியாது, கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் படங்களின் வேகத்தை முதலில் கேட்பார்கள். கையில் அளவான பணம் இருக்கும்போது உதிரிபாகம் தேர்வது என்பது எனக்கு அந்த ஒரு சதவீதத்தைக் காப்பாற்றுகிற வேலை.

2024இல் அக்கா பையனுக்காக ரிச்சி தெருவுக்குப் போனோம். கல்லூரி முதல் ஆண்டு, முதல் சிஸ்டம். மானிட்டரும் சேர்த்து 70,000 ரூபாய். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பிரியும் அந்தச் சந்துகளில் நடக்கவே எனக்குப் பிடிக்கும். சரக்கு வண்டிக்கு வழி விட்டு ஒதுங்கும் இடத்தில்கூட ஏதாவது ஒரு கடை இருக்கும். முதல் கடையில், "ஐ7 ப்ராசசர் போட்டுக்கோங்க தம்பி, கார்டு சின்னதா இப்போதைக்குப் போதும்" என்றார்கள். பையனின் முகம் மலர்ந்தது.

"ஐ7ன்னா நல்லதுதானே மாமா?"

நல்லதுதான். ஆனால் எதிரி எங்கே நகர்ந்தான், குண்டு எதில் பட்டது, அடுத்து எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டு ஏவுவதுதான் ப்ராசசரின் வேலை. வரைவது கிராபிக்ஸ் கார்டு. 1080பி திரையில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள், 1440பியில் 36 லட்சத்துக்கும் மேல். இவை அத்தனைக்கும் நொடிக்குப் பலமுறை நிறம் கொடுக்க வேண்டும். ஏவுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வரைகிறவர் கை ஓயும் இடத்தில்தான் ஆட்டம் நிற்கும். ஆகவே மொத்தப் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை முதலில் கார்டுக்கு ஒதுக்கிவிடுவது என் வழக்கம். நாங்கள் எடுத்தது ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், 132 வாட், 1080பிக்கு அளவெடுத்துத் தைத்தது. ஆர்டிஎக்ஸ் 4060 அதைவிட நல்ல கார்டு, 115 வாட்டிலேயே இன்னும் அதிகம் செய்யும். அதற்குக் கூடுதலாகத் தர வேண்டிய பணம் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தும் மானிட்டரிலிருந்தும்தான் வர வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ப்ராசசர், ரைசன் 5 5600. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தோன்றாது. ஆறு கோர், 65 வாட், அடிக்கடி வேண்டிய தகவலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் எல்3 கேஷ் 32 எம்பி. இதற்கு முந்தைய தலைமுறையின் 3600இலும் அதே ஆறு கோர், அதே 32 எம்பி. ஆனால் அங்கே கோர்கள் மூன்று மூன்றாகப் பிரிந்து, ஆளுக்கு 16 எம்பி வைத்துக்கொண்டிருந்தன. ஒரே வீட்டில் இரண்டு அடுக்களை, இரண்டு அஞ்சறைப்பெட்டி. இந்தப் பக்கம் சமைக்கிறவருக்கு அந்தப் பக்கப் பெட்டியில் இருக்கும் கடுகு வேண்டுமென்றால் எழுந்து போய் வர வேண்டும். 5000 வரிசையில் நடுச்சுவரை இடித்து, ஆறு பேருக்கும் கை எட்டும் தூரத்தில் ஒரே பெரிய பெட்டியாக வைத்தார்கள். கேம் என்பது சின்னச் சின்னத் தகவல்களை ஓயாமல் தேடி எடுக்கும் வேலை. எழுந்து போய் வரும் அந்தத் தாமதம் குறைந்ததும் விக்கலும் குறைந்தது. எண்ணிக்கையைக் கூட்டாமல் இருப்பதை இடம் மாற்றி வைத்தே சாதித்தார்கள் பாருங்கள், அந்த அழகுக்காகவே எனக்கு இந்தச் சிப்பைப் பிடிக்கும்.

2022இல் ஏஎம்5 வந்துவிட்டதே, 5600 உட்காரும் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் பணம் போடலாமா என்று கேட்டார்கள். 70,000க்குள் என்றால் போடலாம் என்பதே அப்போது என் முடிவு. அதே போர்டில் நாளைக்கு 96 எம்பி கேஷ் அடுக்கிய 5700எக்ஸ்3டியைச் செருகிக்கொள்ளலாம் என்று எண்ணினேன். ஏஎம்5 எடுத்திருந்தால் போர்டுக்கும் டிடிஆர்5 ரேமுக்கும் போகும் கூடுதல் பணம் கார்டைத்தான் கடித்திருக்கும்.

மதர்போர்டில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை, பி550 வாங்கினோம். ஒரே ஒரு காரணம் சொல்லலாம்: ஆர்எக்ஸ் 6600 பதினாறு பாதைக்குப் பதில் எட்டுப் பாதையில்தான் பேசும். பி450இல் பிசிஐஇ 3.0 என்பதால் அந்த எட்டும் குறுகிப்போகும், பி550இல் 4.0 உண்டு. சேமிப்புக்கு எஸ்எஸ்டி, 1 டிபி, டிஎல்சி வகை, முடிந்தது.

ரேம் விஷயத்தில் மட்டும் கடைக்காரரிடம் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 16 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறது, இன்னொன்று பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார். வேண்டாம், 8, 8 ஆக இரண்டு கொடுங்கள் என்றேன். டிடிஆர்4 3200இல் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும், இரண்டு குச்சி போட்டால் 51.2. ஒற்றைக் குச்சி போட்ட சிஸ்டத்திலும் சராசரி எண் பெரிதாக அடிபடாமல் போகலாம். ஆனால் கூட்டம் நிறைந்த காட்சியில் தள்ளாட்டம் வந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸை நான் கையில் வாங்கிப் பார்க்காமல் எடுப்பதில்லை. என் முதல் சிஸ்டத்தில் கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்தான் இருந்தது. 500 வாட் என்று ஸ்டிக்கர், கையில் தூக்கினால் தீப்பெட்டிபோல் இருக்கும். ஒரு கோடை இரவில் கரண்ட் போய் வந்தபோது உள்ளே டப்பென்று ஒரு சத்தம், பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் அதோடு போயின. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அந்த டிஸ்க்கில் இருந்தன. அன்றைக்குப் பிறகு ஸ்டிக்கரில் பெரிதாக எழுதிய வாட்டை நான் பார்ப்பதில்லை, ஓரத்தில் இருக்கும் அட்டவணையைப் பார்க்கிறேன். ப்ராசசரும் கார்டும் குடிப்பது 12 வோல்ட். அந்தக் கட்டத்தில் 45 ஆம்பியர் என்று இருந்தால் 540 வாட் நிஜம். 550 வாட் என்று சொல்லிவிட்டு அங்கே 25 ஆம்பியர்தான் போட்டிருந்தால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடலாம். 2004இல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரையும் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே அளந்து சொல்லும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் எத்தனை கோடை தாங்கும் என்பதற்கு அது சாட்சி இல்லை. அதற்கு வாரண்டி ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டு வாரண்டி உள்ள 550 வாட் 80 பிளஸ் ப்ரான்ஸ் ஒன்று கிடைத்தது. நல்ல கனம்.

கேபினெட்டுக்கு வந்தபோது பையன் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒன்றைக் காட்டினான். வண்ண விளக்கு நான்கு, பார்க்க அழகுதான். முகத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டால் காற்று எந்த வழியாக உள்ளே போகும்? சென்னை மே மாதத்தில் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும்போது வலை முகப்புதான் சரி. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி புகாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். அவன் அரைமனதாகத்தான் தலையாட்டினான்.

வீட்டில் கூடத்தில் பாய் விரித்து அசெம்பிள் செய்தோம். ப்ராசசரை அவன் கையாலேயே வைக்கச் சொன்னேன். அடியில் 1331 ஊசிகள், தலைமுடியைப்போல் மெலிந்தவை. சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள நெம்புகோலை நேராகத் தூக்கினால் துளைகள் எல்லாம் பிடி தளர்த்திக்கொள்ளும். சிப்பின் ஒரு மூலையில் தங்க நிறத்தில் சின்ன முக்கோணம், சாக்கெட்டிலும் அதே முக்கோணம். இரண்டையும் ஒரே மூலையில் வைத்துவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும். அழுத்தக் கூடாது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு விட்டான். சிப் தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. நெம்புகோலை இறக்கியதும் அத்தனை ஊசிகளையும் சாக்கெட் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது.

எல்லாம் பூட்டி முடித்த பிறகும் இரண்டு காரியம் பாக்கி இருக்கும், பலரும் மறந்துவிடுவார்கள். பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்க வேண்டும். விட்டுவிட்டால் பெட்டியில் எழுதிய வேகத்துக்குக் குறைவாகவே ரேம் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அடுத்து விண்டோஸ் அமைப்பில் மானிட்டரின் வேகத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஒரு வருடம் 60இலேயே ஓட்டிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

இரவு பத்து மணி இருக்கும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஓட ஆரம்பித்தது. திரையின் மூலையில் ஒவ்வொரு படமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கோடாகக் காட்டச் சொல்லியிருந்தேன். குதிரை புல்வெளியைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தது. ஆட்கள், வண்டிகள், சேறு, விளக்குகள். கோடு 13, 14 மில்லி செகண்டில் இழுத்துக் கட்டிய நூலாக நின்றது. பையன் கோட்டைப் பார்க்கவில்லை. குதிரையைத் திருப்பி ஊருக்கு வெளியே ஓட்டினான், மறுபடி உள்ளே வந்தான், மறுபடி வெளியே. அவனுடைய வலது கால் குளம்புச் சத்தத்துக்கு ஏற்பத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.