நகர்ந்தது எது?

இந்த வாரம் அலச வேண்டியது நான் தோற்ற ஆட்டம். களம், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு பள்ளி வகுப்பறை. எதிரணி என்று யாரும் இல்லை. நானும் என் 42 ஸ்லைடுகளும்தான்.

அந்தப் பள்ளிக் கபடி அணி கடைசி ரைடில் ஒரு ஆட்டத்தைக் கோட்டைவிட்டிருந்தது. செல்போனில் எடுத்த வீடியோவை பி.டி. சார் அனுப்பி, "நீங்க பேப்பர்ல அலசுற மாதிரி பசங்களுக்கு ஒரு நாள் வந்து சொல்லிட்டுப் போங்க சார்" என்றார். பிள்ளைகள் எல்லோரும் மலைக் கிராமத்துக்காரர்கள். சாமை அறுப்பு முடிந்த நிலத்தில் கோடு கிழித்து ஆடிப் பழகியவர்கள். மூன்று இரவு உட்கார்ந்து ஸ்லைடு செய்துகொண்டு, போளூரில் பஸ் ஏறினேன்.

ஜன்னலில் ஜமக்காளத்தை மாட்டி இருட்டாக்கியிருந்தார்கள். எஃப்5 அழுத்தினேன். தலைப்பு மூன்று சுற்று சுற்றி வந்து நின்றது. நின்ற பிறகுதான் தெரிந்தது, அது தமிழில் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஏதோ குவியல். முன்வரிசைப் பையன் ஒருவன் அதை எழுத்துக்கூட்டி வாசிக்க, வகுப்பே சிரித்தது. நான் அடித்தது பழைய எழுத்துரு. அது பள்ளி லேப்டாப்பில் இல்லை. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. நான்தான் பழைய பாசத்தை விடவில்லை. யூனிகோடில் அடித்திருந்தால் அந்த லேப்டாப் தன்னிடம் இருக்கும் வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டாவது காட்டியிருக்கும். சேமிக்கும்போது எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துவைக்கும் வசதியும் ஆப்ஷன்ஸில் இருக்கிறது. இரண்டையும் செய்யாதவனுக்கு முதல் ரைடிலேயே அவுட்.

ஆனால் தோல்விக்குக் காரணம் எழுத்துரு இல்லை. ஸ்லைடுக்கு ஸ்லைடு ஆடுகளத்தைப் புதிதாக வரைந்திருந்தேன். ஒன்றில் களம் கொஞ்சம் பெரிது, அடுத்ததில் இடப்பக்கம் தள்ளி, அதற்கடுத்ததில் கோணல். மேலே ஆறு வண்ண அம்புகள், பக்கத்தில் பத்து வரி விளக்கம். பதினைந்தாவது ஸ்லைடில், அன்றைக்கு இடது கார்னரில் ஆடிய பையன் கை தூக்கினான்.

"சார், இதுல நான் எங்க இருக்கேன்?"

எனக்கே தேட வேண்டியிருந்தது.

ஆலங்காயம் வழியாக இறங்கினேன். அந்தப் பாதையில்தான் காவலூர் வானாய்வகம். வானியலாளர் வைணு பாப்பு தேடிப் பிடித்த இடம். 1986-இல் அங்கே திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கோபுரத்தைப் பார்த்ததும் 1988 பிப்ரவரி 17 நினைவுக்கு வந்தது. அன்றைய தேதியில்தான் வானியலாளர் ராஜமோகன் இங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். எண் 4130, பெயர் ராமானுஜன். குறுங்கோள் படத்தில் நட்சத்திரம் மாதிரியே ஒரு புள்ளிதான். ஒரே வானத்தைச் சற்று இடைவெளி விட்டு இரண்டு முறை படமெடுத்தால் நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும், இது மட்டும் தள்ளியிருக்கும். 1930-இல் அமெரிக்காவில் கிளைட் டாம்பாக் புளூட்டோவைப் பிடித்ததும் இப்படித்தான். ஜனவரி 23, 29 ஆகிய இரு இரவுகளின் படங்களை ஒரு கருவியில் மாட்டி, இது, அது, இது, அது என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு புள்ளி குதித்தது.

அந்த இரண்டு படங்களும் மயிரிழை விலகியிருந்தால் எல்லா நட்சத்திரமும் சேர்ந்து குதித்திருக்கும். நான் பிள்ளைகளுக்குக் காட்டியது அந்த வானத்தைத்தான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்தேன். இம்முறை களத்தை ஸ்லைடு மாஸ்டரில் வரைந்தேன். மாஸ்டர் என்பது எல்லா ஸ்லைடுக்கும் அடியில் கிடக்கும் தாள். சாதாரணமாக வேலை செய்யும்போது அதிலுள்ளது கையில் சிக்காது, தவறிக்கூட நகராது. ஓஹெச்பி எனும் ஓவர்ஹெட் புரொஜெக்டர் காலத்து ஆசிரியர்கள் களம் வரைந்த தாளைக் கீழே வைத்து, வீரர்கள் தாளை மேலே வைப்பார்களே, அதேதான். 1987-இல் மேகிண்டோஷுக்காக வந்த முதல் பவர்பாயிண்டே ஓஹெச்பி தாள்கள் தயாரிக்கத்தான் செய்யப்பட்டது.

மவுஸால் இழுக்காமல் அளவை எண்ணாக அடித்தேன். அகல ஸ்லைடு 33.87-க்கு 19.05 செ.மீ. களம் 13-க்கு 10 மீட்டர். மீட்டருக்கு 1.6 செ.மீ. என்று வைத்தால் 20.8-க்கு 16, வலப்பக்கம் ஒரே ஒரு வரி எழுத இடம் மிஞ்சும். நடுக்கோட்டிலிருந்து பாக் கோடு 3.75 மீட்டர், அதாவது கச்சிதமாக 6 செ.மீ. அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு, 7.6 செ.மீ. வீரர்கள் எட்டு வட்டங்கள். ஏழு சாம்பல் நிறம், ரைடர் மட்டும் சிவப்பு. ரைடின் கடைசி மூன்று வினாடியை அரை வினாடிக்கு ஒன்றாக ஆறு ஸ்லைடாக்கினேன். ஒரு ஸ்லைடை டூப்ளிகேட் செய்து, இடம் மாறியவனை மட்டும் அம்பு விசையால் தள்ளுவது, அதை மறுபடி டூப்ளிகேட் செய்வது, அவ்வளவுதான். டிரான்ஸிஷன் எதுவும் கிடையாது.

இதற்கு மார்ஃப் இருக்கிறதே என்பார்கள். 2019 பதிப்பிலிருந்து இருக்கிறது. வட்டங்களை வழுக்கிக்கொண்டு போகவைக்கும். அழகுதான். ஓட்டப் பாதையைக் காட்ட அதைவிட நல்லது இல்லை. ஆனால் யார் நகர்ந்தார் என்று கேட்கும்போது அந்த வழுக்கலே கண்ணை ஏமாற்றும் என்பது என் கட்சி. சட்டென்ற குதிப்புதான் கண்ணில் குத்தும். பள்ளி லேப்டாப்பில் பழைய பதிப்பு என்பதால் அந்தச் சபலத்துக்கும் இடமில்லை.

என் பத்து வரி விளக்கங்கள் நோட்ஸ் பகுதிக்குப் போயின. பிரசென்டர் வியூவில் என் திரையில் மட்டும் தெரியும், சுவரில் தெரியாது. 42 ஸ்லைடு ஒன்பதாகச் சுருங்கியது.

இரண்டாம் முறை போனபோது முதலில் காவலூர்க் கதையைச் சொன்னேன். பிறகு பேஜ் டவுன், பேஜ் அப், பேஜ் டவுன், பேஜ் அப். சிவப்பு வட்டம் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுகிறது. இடது கார்னர் கணுக்காலுக்குப் பாய்கிறான். அடுத்த ஸ்லைடில் சிவப்பு, நடுக்கோட்டுப் பக்கம் விழுகிறது. கார்னர் அவசரப்பட்டுவிட்டான் என்பதுதான் முதல் நாள் என் தீர்ப்பு. அதைச் சொல்ல வாய் திறந்தபோது பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"கவர் அசையவே இல்ல சார். நட்சத்திரம் மாதிரி நிக்கிறான்."

திரும்பவும் தட்டினேன். ஆறு ஸ்லைடிலும் இடது கவர் ஒரே இடத்தில். கார்னர் பிடித்த நேரம் சரி. வந்து மறிக்க வேண்டியவன் வரவில்லை. மூன்று இரவு வீடியோ பார்த்தும் என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் ஓடுகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கவர் இரண்டாம் வரிசையில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "அவன் காலப் புடிச்சுட்டான்னு நெனச்சேன் சார்" என்றான் மெதுவாக. நான் 'பி' விசையை அழுத்தித் திரையைக் கறுப்பாக்கினேன். பி.டி. சார் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, இருவரையும் தரையில் இறக்கி, கார்னர் பாயும் நொடியில் கவர் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று காட்டத் தொடங்கினார்.