முத்திரை மட்டும் போதுமா?

பால் கேனின் வாயில் கம்பி கட்டி முத்திரை வைத்து அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முத்திரை உடையாமல் நம் வீடு வந்து சேர்ந்தால், வழியில் எவரும் தண்ணீர் கலக்கவில்லை என்று நம்பலாம். முத்திரை வைப்பதற்கு முன்பே கலந்திருந்தால்? அதைப் பற்றி முத்திரை ஒன்றும் சொல்லாது. லாக்டோமீட்டரை இட்டுப் பார்த்தால்தான் தெரியும். சின்னஞ்சிறு பிள்ளைக்கும் விளங்கும் இந்த உண்மை, கணிப்பொறி என்று வந்ததும் பலருக்கு மறந்துவிடுகிறது.

போலீசார் ஒரு கணிப்பொறியைக் கைப்பற்றினால், அதிலுள்ள தகவல் முழுவதற்கும் 'ஹாஷ்' என்னும் எண்ணைக் கணக்கிடுவது முறை. ஷா-256 என்ற கணக்கு முறையில் இது 64 குறிகள் கொண்ட ஒரு தொடர். வட்டில் ஓர் எழுத்து மாறினாலும் இந்தத் தொடர் அடியோடு மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், மின்னணுச் சாட்சியத்துடன் இந்த எண்ணையும் சான்றிதழில் குறிக்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது முத்திரை மட்டுமே, லாக்டோமீட்டர் அன்று. கைப்பற்றிய பிறகு எவரும் கை வைக்கவில்லை என்பதை இது காட்டும். அதற்கு முன் வட்டில் எழுதியவர் யார் என்பதைக் காட்டாது.

உரிமையாளரைத் தவிர வேறு யார் எழுத முடியும் என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் இயங்குதளத்தின் இயல்பை அறிய வேண்டும். விண்டோஸ் ஆயினும் லினக்ஸ் ஆயினும் அதற்கு ஆளைத் தெரியாது. கணக்கை மட்டுமே தெரியும். உங்கள் பெயரில் உள்ள கணக்கில் ஒரு நிரல் ஓடினால், அது செய்வதையெல்லாம் நீங்களே செய்வதாகத்தான் இயங்குதளம் கொள்ளும். மின்னஞ்சலில் வந்த ஓர் இணைப்பை நீங்கள் ஏமாந்து திறக்கிறீர்கள். அதில் ஒளிந்திருந்த நிரல் உங்கள் உரிமைகள் அனைத்தையும் பெற்றுக்கொள்கிறது. எங்கோ இருப்பவர் அதன் வழியாக உங்கள் கோப்புகளைப் படிக்கலாம். புதிய கோப்புகளை எழுதியும் வைக்கலாம். படிக்க மட்டும் திறக்கும், எழுதத் திறக்காது என்று ஓட்டைக்கு விதி கிடையாது.

இது வெறும் கற்பனை அன்று. நம் திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த ஸ்டான் சுவாமி பாதிரியார், ஜார்க்கண்டில் பழங்குடி மக்களிடையே பணியாற்றியவர். பீமா கோரேகான் வழக்கில் அவருடைய கணிப்பொறியை 2019 ஜூன் 12 அன்று புனே போலீசார் கைப்பற்றினர். 2020 அக்டோபரில் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று, காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் தமது 84-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய வழக்கறிஞர்களின் வேண்டுகோளின்படி அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் வட்டின் நகலை ஆராய்ந்து, 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. 2014 முதலே நெட்வயர் என்னும் ஒற்று நிரல் அதில் புகுந்திருந்தது; 40-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து வைக்கப்பட்டன; கைப்பற்றுவதற்கு முந்தைய நாள் தடயங்களை அழிக்கும் முயற்சியும் நடந்தது என்பது அந்த அறிக்கையின் முடிவு. புகுந்தவர் யார் என்று அறிக்கை பெயர் சொல்லவில்லை. இந்நிறுவனத்தின் முடிவுகளைப் புலனாய்வு முகமை ஏற்கவும் இல்லை. ஆகவே இதைத் தீர்ப்பு என்று நான் கூறவில்லை. நான் கேட்பது ஒன்றே: இத்தகைய சோதனையை முதலில் செய்திருக்க வேண்டியவர் யார்? ஆவணங்களைச் சாட்சியமாகக் கொண்டுவந்த அரசுத் தரப்பு அன்றோ?

மறுபுறம், அரசின் அதிகாரமோ விரிந்துகொண்டே போகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின் கீழ் எந்தக் கணிப்பொறியின் தகவலையும் இடைமறிக்கவும் கண்காணிக்கவும் பூட்டவிழ்க்கவும் 2018 டிசம்பர் 20 அன்று 10 அமைப்புகளுக்கு உள்துறை அமைச்சகம் அதிகாரம் அளித்தது. ஒத்துழைக்க மறுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை. நீதிபதியின் முன் அனுமதி தேவையில்லை. உத்தரவுகளைப் பின்னர் பரிசீலிக்கும் குழுவிலும் அரசுச் செயலாளர்களே அமர்கிறார்கள். தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்துவதை எந்தக் கல்லூரி ஒப்புக்கொள்ளும்?

"நாட்டின் பாதுகாப்புக்கு இது வேண்டாமா? குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்பார் சிலர். பயங்கரவாதத்தைத் தடுக்கக் கண்காணிப்பு தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் அரசு ஒன்று தன் பயனுக்காக ஓட்டையை மூடாமல் வைத்திருந்தால், அது அரசுக்கு மட்டும் வழிவிடுவதில்லை. அமெரிக்க உளவுத்துறை விண்டோஸில் இருந்த ஒரு குறையை அறிந்தும் வெளியிடாமல் ஆயுதமாக வைத்திருந்தது. அந்த ஆயுதம் திருடுபோய், 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற பெயரில் சுமார் 150 நாடுகளின் கணிப்பொறிகளை முடக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. ஈர்ப்பு விசை ஆள் பார்த்து இழுப்பதில்லை; ஓட்டையும் ஆள் பார்த்துத் திறப்பதில்லை. குற்றம் செய்யாதவன் பயப்பட வேண்டியதும் இதனால்தான். அவன் எழுதாததும் அவன் வட்டில் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கண்காணிக்கும் முன் நீதிபதியின் அனுமதி வேண்டும். கைப்பற்றும் இடத்திலேயே ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு உரிமையாளரிடம் எழுதித் தர வேண்டும். வட்டில் அந்நிய நிரல் புகுந்ததா என்று, இரு தரப்பையும் சாராத ஆய்வகம் சோதித்த பிறகே அதிலுள்ள கோப்புகளைச் சாட்சியமாகக் கொள்ள வேண்டும். நீங்களும் இயங்குதளத்தை அவ்வப்போது புதுப்பியுங்கள். முன்பின் அறியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறக்காதீர்கள். அன்றாட வேலைக்கு நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் தனி மனிதனின் எச்சரிக்கை எத்தனை தூரம் காக்கும்?

சோதனைச்சாலையில் கருவியின் பிழையை முதலில் கணக்கிடாமல் எந்த அளவீட்டையும் ஏற்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஒரு மனிதனின் விடுதலையை அளக்கும்போது அந்த விதியைத் தளர்த்தலாமா? வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள்.