மரமேறாத பிள்ளையும் மரமில்லாத தெருவும்

அமெரிக்க இதழாளர் ரிச்சர்ட் லூவ் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லாஸ்ட் சைல்ட் இன் தி வுட்ஸ்' என்னும் நூல், குழந்தைகளையும் இயற்கையையும் பற்றிப் பேசுவோர் எவரும் தவிர்க்கவியலாத நூலாகிவிட்டது. 'காட்டில் கடைசியாக நின்ற பிள்ளை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மரமேறுதல், ஓடைநீரில் கால் நனைத்தல், தும்பி பிடித்தல், மண்ணில் வீடு கட்டுதல் ஆகியவையெல்லாம் மிகக் குறுகிய காலத்தில் பிள்ளைகளின் வாழ்விலிருந்து நழுவிப்போயின என்பதும், அவ்விழப்பு அவர்களுடைய உடலையும் உள்ளத்தையும் வாட்டுகிறது என்பதும் நூலின் சாரம். இதற்கு அவர் ஒரு பெயரும் சூட்டினார்: 'இயற்கைக் குறைபாட்டு நோய்'. மருத்துவர் கண்டறியும் நோய் எதையும் தாம் குறிக்கவில்லை என அவரே எச்சரித்திருந்தும், எச்சரிக்கை மறக்கப்பட்டுப் பெயர் மட்டும் எங்கும் பரவிற்று. நல்ல பெயர் கண்டுபிடிப்போர்க்கு நேரும் விபத்து இது!

நூலின் சிறப்புகளை முதலில் சொல்லிவிடுவது முறை. லூவ் ஆராய்ச்சியாளர் அல்லர். பெற்றோரையும் பிள்ளைகளையும் நேரில் கண்டு, பொறுமையுடன் கேட்டு எழுதியவர். தம் சிறுவயதில் வீட்டின் பின்னாலிருந்த காட்டைக் காக்க எண்ணி, மனை வணிகர் நட்ட அளவைக் குச்சிகளைப் பிடுங்கி எறிந்ததை அவர் மறைக்காமல் கூறுகிறார். அந்தக் குறும்பில் ஓர் இறைவாக்கினரின் கோபம் சிறிதளவு இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. நூலின் இறுதியை நெருங்குகையில், இளம் பிள்ளைகளின் ஆன்மிக வாழ்வுக்கு இயற்கை இன்றியமையாதது என்று ஒரு தனி இயலே எழுதுகிறார். வியக்கத் தெரியாத பிள்ளைக்கு மறைக்கல்வி ஆசிரியர் எதைத்தான் கற்பிக்க முடியும்? அந்த ஓர் இயலுக்காகவேனும் நம் இல்லங்களில் இந்நூல் இருக்கலாம்.

ஆயினும், நூலை முடித்து மூடும்போது ஒரு வினா உறுத்துகிறது: இது யாருடைய பிள்ளையைப் பற்றிய நூல்?

பிள்ளைகள் வெளியே செல்லாமைக்கு லூவ் முன்வைக்கும் காரணங்களைப் பாருங்கள். தொலைக்காட்சியும் கணினியும், அந்நியர்களைப் பற்றிய பெற்றோரின் அச்சம், ஓய்வின்றி நிரப்பப்பட்ட நாள், மரத்தில் குடில் கட்டுவதற்குத் தடைவிதிக்கும் குடியிருப்போர் சங்கங்கள், எதற்கெடுத்தாலும் வழக்குத் தொடுக்கும் வழக்கம். இவை பொய்யல்ல. ஆனால் இவை அனைத்தும் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் பசுமை தெரியும் வீடுகளின் துன்பங்கள். கதவு இருக்கிறது; பிள்ளை அதைத் தாண்டவில்லை. ஆகவே தீர்வும் எளிது: கதவைத் திறங்கள், பிள்ளையை அனுப்புங்கள். நகர்ப்புற ஏழைச் சிறாரை ஆசிரியர் அறவே மறந்துவிட்டார் என்று நான் கூறவில்லை. நகரங்களை மாற்றியமைப்பது பற்றியும் அவர் எழுதத்தான் செய்கிறார். ஆனால் மாற்றம் முதலில் யாருடைய தெருவுக்கு வரவேண்டும் என்னும் வினாவை அவர் அழுத்திக் கேட்கவில்லை. நோய் என்ற சொல்லே அவரைத் தடுத்துவிட்டது எனலாம். நோய் என்றால் நோயாளியைத் தேடுகிறோம். பறிக்கப்பட்டது என்றால் அல்லவா பறித்தவரைத் தேடுவோம்?

நமக்கு அருகிலுள்ள ஒரு சான்றைக் கருதுவோம். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் நகரின் தென்கோடியிலுள்ள கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்க்கப்பட்டன. 2015 பெருவெள்ளத்திற்குப் பின் மேலும் பல குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்குச் சென்றன. இக்குடியிருப்புகள் எங்கே இருக்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதன் நீர்வழிகளையும் அடுத்து! 2022இல் ராம்சார் தகுதி பெற்ற அந்த நிலத்துக்குப் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வருகின்றன. லூவின் கணக்குப்படி இப்பிள்ளைகள் பேறுபெற்றவர்கள். உண்மையிலோ, அதே சதுப்பு நிலத்தில்தான் மாநகராட்சி பல்லாண்டுகளாகக் குப்பை கொட்டிய பெருங்குடிக் கிடங்கும் இருக்கிறது. மழை பெருகினால் நீர் வாசலுக்கு வருகிறது. மாடியில் வாழும் தாய் தன் மூன்று வயது மகளிடம், தண்ணீர்ப் பக்கம் போகாதே என்றுதான் சொல்வாள், சொல்லவும் வேண்டும். வெகு தொலைவிலிருந்து வரும் பறவைக்கு இடமுள்ள நிலத்தில், நூறடி தள்ளி வாழும் குழந்தை கால்வைக்க ஓர் இடமில்லை. இதனை எந்தக் குறைபாட்டு நோய் என்பது?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 44, 45ஆம் எண்களை லூவின் நூலுக்கு அருகே வைத்து வாசிக்கும்போது வேறுபாடு துலங்குகிறது. சிமெண்டும் தாரும் கண்ணாடியும் சூழ, இயற்கையைத் தொடாமல் வாழ்வதற்கு மனிதர் படைக்கப்படவில்லை என்ற கருத்து இரண்டிலும் உண்டு. ஆனால் திருத்தந்தை அடுத்த அடியையும் எடுத்து வைக்கிறார். அழகிய இடங்கள் தனியார் வேலிக்குள் போய்விடுவதையும், வசதியானோர் வாழும் பகுதிகளில் பேணி வளர்க்கப்படும் பசுமை, சமுதாயம் ஒதுக்கியவர்கள் வாழும் மறைவிடங்களில் காணப்படாததையும் அவர் சுட்டுகிறார். படைப்பின் நலன்கள் எல்லார்க்கும் உரியவை என்னும் திருச்சபையின் பழம்போதனையே இங்கு நகர வரைபடத்தின்மீது விரிக்கப்படுகிறது. இரண்டு எண்களில் அடங்கிய இச்சிறு பகுதி, லூவின் நூல் கேளாது விட்ட வினாவைக் கேட்டுவிடுகிறது.

வினா வெறும் உணர்ச்சியன்று. 2019இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேரின் பிள்ளைப்பருவ வசிப்பிடங்களைச் செயற்கைக்கோள் படங்களுடன் ஒப்பிட்டு, பசுமை மிகக் குறைந்த இடங்களில் வளர்ந்தோர்க்குப் பிற்காலத்தில் மனநோய்கள் வரும் வாய்ப்பு 55 விழுக்காடு வரை கூடுதல் எனக் கண்டனர். குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கணக்கிற்கொண்ட பின்னும் தொடர்பு மறையவில்லை. தொடர்பு என்பது காரணமென்று ஆகிவிடாது என்பதை நினைவிற்கொள்க. 2008இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வோ, பசுமை மிகுந்த பகுதிகளில் ஏழை, செல்வர் இடையேயான இறப்பு விகித இடைவெளி சுருங்கியிருப்பதைக் காட்டிற்று. அப்படியாயின் மரம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ, அவர் தெருவில்தான் அது குறைவாக இருக்கிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த வான் லீர் அறக்கட்டளை 2016இல் 'அர்பன்95' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 95 செ.மீ.; அந்த உயரத்திலிருந்து நகரைப் பாருங்கள் என்பதே அழைப்பு. எளிய கருத்துதான், ஆனால் லூவின் நூலில் இல்லாதது. அவருடைய பிள்ளைகள் பெரும்பாலும் தனியே ஓடித் திரியும் வயதினர். மூன்று வயதுக் குழந்தையோ தாயின் இடுப்பிலோ பாட்டியின் விரலைப் பிடித்தோ செல்கிறது. வீட்டுவேலைக்குப் போகும் தாய்க்குக் கிடைக்கும் நேரமே அதன் நேரம். அவளால் நடக்க முடிந்த தொலைவே அதன் உலகம். கிண்டியில் சிறுவர் பூங்கா உண்டு, நுழைவுச்சீட்டும் உண்டு, பெரும்பாக்கத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பயணமும் உண்டு. அடையாற்றின் கழிமுகத்தில் 58 ஏக்கரில் 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவுக்குப் பல ஆண்டுகள் முன்பதிவின்றி நுழைய இயலாதிருந்தது. உயிரினங்களைக் காக்க அது தேவையாக இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் முன்பதிவு செய்யத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கே அது பூங்கா ஆயிற்று.

சட்டமும் இந்தச் சாய்வுக்குத் துணைபோகிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையை வளர்ப்போர் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விடவேண்டும். 3,000 முதல் 10,000 வரையுள்ள மனைகளில் நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தவும் வழியுண்டு. நல்ல விதிதான். ஆனால் அது புதிய பெருமனைகள் எழும் இடத்தில்தான் பூங்காவைத் தரும். இடித்துக் கட்ட இடமில்லாத பழைய நெருக்கமான பகுதிகளுக்கு என்ன தரும்? பணத்தின்மீது எந்தக் குழந்தையும் விளையாடியதில்லை.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பெரிய பூங்காக்களை வேண்டிக் காத்திராமல், குழந்தை நாள்முழுதும் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம் என்பது என் துணிபு. பின்லாந்தில் சில மழலையர் காப்பகங்களின் வெறும் முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பினர். 28 நாள்களில், அங்கு விளையாடிய மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் தோலிலுள்ள நுண்ணுயிர் வகைகள் பெருகியதையும், நோய் எதிர்ப்பாற்றலைச் சீராக்கும் அறிகுறிகள் இரத்தத்தில் தென்பட்டதையும் 2020இல் வெளியிட்டனர். சோதனைக்குட்பட்டோர் 75 பேரே; சிறிய ஆய்வு. ஆனால் செலவும் சிறியது. 1975 முதல் நம் நாட்டில் நடைபெறும் அங்கன்வாடிகள் ஏழைக் குழந்தையின் தெருவிலேயே இருப்பவை. நகரங்களில் அவற்றுள் பல ஓர் அறையும் ஒரு வாசற்படியுமாகச் சுருங்கிக் கிடக்கின்றன. ஒரு வேம்பு, ஒரு மண்மேடு, கைப்பிடி அளவு கீரைப் பாத்தி: இதற்குக்கூட இடமில்லாத மையத்தின் அருகிலேயே நம் ஆலய வளாகம் இருக்கக்கூடும். அங்கோ, சேறு படாதிருக்கவும் திருவிழாவில் நாற்காலி போடவும் வசதியாகச் சிமெண்டு கற்களைப் பதித்து, திருப்பலி முடிந்ததும் வாயிலைப் பூட்டிவிடுகிறோம். வண்டிகளுக்கு நிழல் தேடித் தருகிறோம். பங்குப் பேரவைகளில் தளம் போடுவது பற்றிய தீர்மானம் வரும்போது இந்த இரண்டு எண்களையும் யாராவது வாசித்துக் காட்டினால் நலம்.

லூவின் நூலை வாங்க எண்ணுவோர் 2008ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பையே தேடுக. குடும்பங்களும் ஊராரும் செய்யத்தக்க நூறு செயல்களை அதில் சேர்த்திருக்கிறார். கொல்லைப்புறம் உள்ளவர்க்கு மட்டும் பயன்படுவன எவை, அது இல்லாதவர்க்கும் பயன்படுவன எவை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே அப்பட்டியலை வாசிப்பது நன்று.