ஆர்டுயினோ ஐடிஇ 2: காட்டுப்பள்ளிக் கிணற்றடியில் ஒரு சோதனை

காட்டுப்பள்ளியில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு உப்பில்தான் போய் முடியும். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது 1960களிலிருந்தே பதிவாகியிருக்கிறது. சென்னைக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு, 2010இல் இந்த ஊரில்தான் திறக்கப்பட்டது.

எங்கள் கிணற்றின் உப்பு நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதைப் பதிவு செய்ய ஒரு சின்னக் கருவி செய்தேன். அதற்கு நிரல் எழுதும்போது, பல வருடம் பழகிய ஆர்டுயினோ ஐடிஇ 1.8ஐ விட்டுவிட்டு 2.3க்கு மாறினேன். மூன்று வாரம் தினமும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்தது ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் போர்டு. அதன் நிரலாக்கச் செயலியான ஐடிஇ நெடுங்காலம் ஜாவாவில் எழுதப்பட்ட எளிய எடிட்டராகவே இருந்தது. 2022 செப்டம்பரில் வந்த 2.0, தேயா என்ற அடித்தளத்தின் மேல் புதிதாகக் கட்டப்பட்டது. பிழைதிருத்தும் வசதியை முழுமையாக்கிய 2.3, 2024 பிப்ரவரியில் வந்தது. விலை இல்லை, மூலநிரலும் திறந்தே இருக்கிறது.

என் சாமான்கள் இவை: சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஊனோ ஆர்3 நகல் போர்டு, தண்ணீரில் கரைந்த உப்பை 1000 பிபிஎம் வரை அளக்கும் டிடிஎஸ் சென்சார், டிஎஸ்18பி20 வெப்பச் சென்சார். குடிநீரில் 500 வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தரநிலை. எங்கள் கிணறு 1000ஐத் தாண்டுவதால், ஒரு பங்கு கிணற்றுநீரில் நான்கு பங்கு கேன் தண்ணீர் கலந்து அளந்து, கேன் தண்ணீரின் உப்பைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுகிறேன்.

திறந்ததும் கண்ணில் படும் மாற்றம், மேலே இருக்கும் போர்டு பட்டியல். முன்பு போர்டை ஒரு மெனுவிலும் போர்ட்டை இன்னொரு மெனுவிலும் தேட வேண்டும். இப்போது இரண்டும் ஒரே சொடுக்கில் முடிகிறது. அசல் போர்டு என்றால் பெயரையும் அதுவே சொல்லும். சிஎச்340 சில்லு பொருத்திய நகல் போர்டுகளை ‘அன்னோன்’ என்றுதான் காட்டும். பயப்பட வேண்டாம், ஊனோ என்று ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் போதும்.

அடுத்தது, எழுதும்போதே சொற்களை எடுத்துக்கொடுக்கும் வசதி. இரண்டு எழுத்து அடித்தால் மீதியைப் பட்டியலாக நீட்டுகிறது. ஒரு செயற்கூற்றின் மேல் சுட்டியை வைத்தால் அது என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும் என்று காட்டுகிறது. கன்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் லைப்ரரியின் உள்ளே இருக்கும் மூலநிரலே திறக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். வெப்பம் கேட்கும் வரியில் நிரல் ஏன் முக்கால் நொடி நிற்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தேன். 12 பிட் துல்லியத்தில் அளக்க அந்தச் சென்சாருக்கு 750 மில்லிநொடி தேவை; அதுவரை காத்திருக்கும்படி லைப்ரரி எழுதப்பட்டிருக்கிறது. காத்திருக்க வேண்டாம் என்று சொல்லும் வழியும் அங்கேயே இருந்தது.

மீஞ்சூரில் பிளஸ் டூ படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி மாலையில் வந்து உட்கார்ந்துகொள்வான். ஒரு சொல்லைத் தப்பாக அடித்துவிட்டு, “அண்ணா, அதுக்குக் கீழ சிவப்புக் கோடு வருதே?” என்றான். நான் பதில் சொல்வதற்குள் கோட்டின் மேல் சுட்டியை வைத்து, காரணத்தைப் படித்து, தானே திருத்திவிட்டான். பழைய பதிப்பில் கம்பைல் செய்து முடியும் வரை காத்திருந்திருப்பான்.

ஆனால் அந்தச் சிவப்புக் கோடு தானாக வராது. சொல் எடுத்துக்கொடுப்பதும் அப்படித்தான். நிறுவியவுடன் இரண்டும் அணைந்தே இருக்கின்றன. முதலாவதற்கு, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் அழுத்தி அமைப்புகளைத் திறந்து ‘ரியல்டைம் டயக்னாஸ்டிக்ஸ்’ என்று தேடி இயக்க வேண்டும். இரண்டாவதற்கு, பிரிஃபரன்சஸில் ‘எடிட்டர் குவிக் சஜெஷன்ஸ்’ பெட்டியில் குறியிட வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்குத்தான் இவை அதிகம் தேவை. அவர்களுக்கு எட்டாத இடத்தில் இவற்றை ஒளித்து வைத்திருப்பது பெரிய குறை.

அதே பிரிஃபரன்சஸில், கம்பைலர் எச்சரிக்கைகள் ‘ஒன்றுமில்லை’ என்றிருக்கும். அதை ‘எல்லாம்’ என்று மாற்றுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பதற்காக டிலேயில் 60 * 1000 என்று எழுதினேன். ஊனோவில் சாதாரண முழு எண் 32,767க்கு மேல் தாங்காது. 60,000 நிரம்பி வழிந்து எதிர்ம எண்ணாகி, கடைசியில் 49 நாளுக்கும் மேலான காத்திருப்பாக மாறிவிடும். எச்சரிக்கையை இயக்கியிருந்ததால் போர்டுக்கு ஏற்றும் முன்பே செய்தி வந்தது. 60க்குப் பின்னால் யூ, எல் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்ததும் சரியானது. இந்த எச்சரிக்கை பழைய பதிப்பிலும் உண்டு. அங்கும் அணைந்தே கிடந்தது.

சீரியல் மானிட்டர் இப்போது தனி ஜன்னலாக வந்து நிரலை மறைப்பதில்லை. கீழே ஒட்டி நிற்கிறது. வரைபடம் காட்டும் பிளாட்டரையும் கூடவே திறந்து வைக்கலாம். ஆனால் பிளாட்டரில் கடைசி 50 புள்ளிகள்தான் தெரியும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரம்கூட இல்லை. கிணற்றில் ஓர் இரவு நடக்கும் மாற்றத்தை அதில் பார்க்க வழியில்லை. எண்களை மானிட்டரிலிருந்து எடுத்து எக்செல்லில் போட்டுத்தான் பார்க்கிறேன்.

பெரிதாகப் பேசப்பட்ட பிழைதிருத்தி, நிரலை ஒரு வரியில் நிறுத்தி, மாறிகளின் மதிப்பைப் பார்க்க உதவுகிறது. அது ஆர்டுயினோ ஜீரோ போல அதற்கான சில்லு உள்ள போர்டுகளுக்கு மட்டும்தான். நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கும் ஊனோ ஆர்3இல் வேலை செய்யாது. அங்கே பழையபடி மதிப்புகளை அச்சிட்டுப் பார்ப்பதுதான் வழி.

தமிழ் எப்படி? நிரலுக்குள் குறிப்புகளைத் தமிழில் எழுதலாம். மானிட்டரில் ‘தண்ணீர்’ என்று அச்சிட்டால் சரியாகத் தெரிகிறது. ஆனால் யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். அந்த ஒரு சொல்லுக்கே 21 பைட். ஊனோவின் ராம் நினைவகம் மொத்தமே 2 கேபி என்பதால், எஃப் மேக்ரோவுக்குள் சொற்களைப் போட்டு ஃபிளாஷ் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் எனப்படும் நிரல் கோப்புக்கு மட்டும் தமிழில் பெயர் வைக்க முடியாது, ஆங்கில எழுத்துதான்.

இனி எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம்: 2.3 கணினியிடம் நிறையக் கேட்கிறது. 32 பிட் விண்டோஸில் இயங்காது; 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 8 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. 1.8இன் ஜாவா துணைக் கருவிகளும் இதில் ஓடாது. பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். 1.8.19 இன்னும் ஆர்டுயினோ தளத்தில் கிடைக்கிறது, ஊனோவுக்கு நன்றாகவே போதும்.

என் தீர்ப்பு: கணினி இடம் கொடுத்தால் தயங்காமல் 2.3க்கு மாறுங்கள். நகரத்தில் சந்தேகம் கேட்கப் பயிற்சி மையம் இருக்கும், நண்பர் இருப்பார். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை உள்ள ஊர்களில் தனியாகக் கற்கும் பிள்ளைக்கு, தப்பை அந்த நிமிடமே சுட்டிக்காட்டும் எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்குச் சமம். பள்ளி ஆய்வகத்தில் இதை நிறுவும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேலே சொன்ன மூன்று அமைப்புகளையும் முதல் நாளே நீங்களே இயக்கிவிட்டு, அதன் பிறகு கணினியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.