சோழமண்டலம்: நன்றி எதற்கு?

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நன்றியோடுதான் எழுதுகிறார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் அதை நிறுவிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை நினைத்து நெகிழ்கிறார்கள். போய்வந்தவர்கள் கடற்காற்றையும் மரநிழலையும் திறந்து கிடந்த பட்டறைகளையும் சொல்கிறார்கள். எனக்கும் அந்த இடத்தின் மீது ஆழ்ந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையால்தான் அதை எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். 1966இல் தொடங்கிய ஒரு கூட்டு முயற்சி அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. அது செய்தது எது, அது செய்ததாக நாம் பழக்கத்தில் சொல்லிவருவது எது என்று பிரித்துப் பார்க்காவிட்டால், நம் நன்றி வெறும் சம்பிரதாயமாக நின்றுவிடும்.

சோழமண்டலத்தின் பேரில் அடிக்கடி எழுதப்படும் வரவு ஒன்று உண்டு: சென்னைக் கலை இயக்கத்தை அந்தக் கிராமம்தான் பெற்றெடுத்தது என்பது. காலவரிசை இதை ஏற்காது. பணிக்கர் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியது 1944இல். தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்குப் பின் 1957இல் அவர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வரானார். அந்தச் சங்கத்தின் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ கலை இதழ் 1961இல் வந்தது. எழுத்தும் குறியும் கட்டமும் கலந்த அவருடைய புகழ்பெற்ற ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963இல் தொடங்கிவிட்டது. மேற்கத்திய நவீனத்தின் நகலாக நிற்காமல் நம் கோடு, நம் சிற்பம், நம் கைவினை ஆகியவற்றிலிருந்து ஒரு நவீனத்தை எடுக்க முடியுமா என்ற கேள்வி, ஈஞ்சம்பாக்கத்தில் முதல் குடிசை எழும்புவதற்கு முன்பே பெரியமேட்டுக் கல்லூரி வளாகத்தில் சூடாக விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே தலைமுறையின் மிகப் பெரிய ஆளுமைகளில் பலருக்குக் கிராமம் தேவைப்படவில்லை. எஸ். தனபாலும் எல். முனுசாமியும் அ.பெ. சந்தானராஜும் கல்லூரியில் கற்பித்தபடியே தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் நெசவாளர் சேவை மையத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வரைந்தார்கள். ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் அப்படி உருவானவைதான். சந்தானராஜின் கோட்டில் இருக்கும் துணிச்சலுக்கு இணையாகச் சோழமண்டலத்தில் வாழ்ந்த ஓவியர்களில் எத்தனை பேரை நிறுத்த முடியும்? என் கணக்கில் மிகச் சிலரைத்தான். ஆகவே கிராமம் இயக்கத்தின் தாயில்லை. இயக்கத்தின் விளைவுகளில் ஒன்று. இதைச் சொல்வதால் அதன் பெருமை குறையாது. அதன் பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் சோறு. கல்லூரியில் இருந்து ஆண்டுதோறும் திறமையான இளைஞர்கள் வெளியே வந்தார்கள். ஓவியம் வாங்க அன்றைய சென்னையில் ஆள் இல்லை. கேலரி என்று சொல்லத்தக்கவை அரிது. வேலை கிடைத்தவர் வேலைக்குப் போனார், சிலர் விளம்பர நிறுவனங்களில் கரைந்தார்கள், சிலர் ஊருக்குத் திரும்பித் தூரிகையை மறந்தார்கள். தன் மாணவர்கள் இப்படி ஒவ்வொருவராகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியரின் தவிப்புதான் சோழமண்டலத்தின் வித்து. பணிக்கர் கண்ட வழி புரவலரைத் தேடுவது அன்று. கல்லூரியிலேயே கைவினைப் பிரிவுகள் இருந்தன. உலோகம், மண், துணி எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. அவர் திட்டம் இது: பாத்திக் துணிகள், தோல் பொருட்கள், உலோக வேலைகள், மட்பாண்டங்கள் ஆகியவற்றை ஓவியர்களே செய்து விற்பது. அதற்கென்று கலைஞர்களின் கைவினைச் சங்கம் ஒன்றை அமைப்பது. வந்த பணத்தைச் சேர்த்து நிலம் வாங்குவது. ஏறத்தாழ முப்பது கலைஞர்கள் அப்படித்தான் கடலோரத்தில் பத்து ஏக்கர் அளவிலான மணல் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். அரசு மானியத்தில் பிறந்த கிராமம் இல்லை அது. துணியில் மெழுகு ஊற்றிச் சாயம் ஏற்றிய கைகள் வாங்கிய நிலம்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நாம் போதுமான அளவு பாராட்டவில்லை என்பது என் எண்ணம். ஓவியத்தை விற்றுத்தான் உண்ண வேண்டும் என்றால் ஓவியம் வாங்குபவனின் கண்ணுக்கு வளையத் தொடங்கும். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டதால் ஓவியமும் சிற்பமும் விலைபோகாமல் இருக்கும் சுதந்திரத்தைப் பெற்றன. ஒருவரின் ஓவியம் விற்காத மாதத்திலும் கைவினைச் சங்கத்தின் விற்பனை நடந்தது. வீடும் பட்டறையும் தனித்தனி. கூடமும் திறந்தவெளி அரங்கும் காட்சியிடமும் பொது. எதைப் பொதுவில் வைப்பது, எதைத் தனியே விடுவது என்ற இந்தப் பங்கீடு சரியாக அமைந்ததால்தான் நட்பு நிலைத்தது. பணக் கணக்கைச் சரியாக வகுக்காத கலைக் கூட்டுகள் எத்தனையோ இரண்டே ஆண்டுகளில் மனக்கசப்பில் கலைந்திருக்கின்றன. சோழமண்டலம் கலையவில்லை. அந்தத் திட்டமிடலுக்குத்தான் என் முதல் நன்றி.

ஆனால் இந்த ஏற்பாடு ஒரு விலையையும் கேட்டது. கைவினையின் கை ஓவியத்துக்குள் நுழைந்தது. நுழைந்த இடத்தில் இரண்டு வேறு விளைவுகள். உலோகத்தில் அது பெரும் வரமாயிற்று. பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களைப் பாருங்கள். கோயில் விக்கிரகத்துக்குச் சாத்தும் கவசத்தைப் போல முன்பக்கம் மட்டுமே பார்வைக்காக அமைந்தவை. செம்புத் தகட்டைத் தட்டி, வளைத்து, கம்பி வைத்துப் பற்றவைத்து ஆக்கியவை. களிமண்ணில் பிடித்து வெண்கலத்தில் வார்க்கும் ஐரோப்பியப் பாடத்திட்டத்திலிருந்து அந்த வடிவம் வந்திருக்காது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் அதே முகப்புச் சிற்பத்தை இன்னும் விரிந்த, கொண்டாட்டமான மொழியாக வளர்த்தார். 2017இல் அவர் மறையும்வரை அந்த மொழி தேய்ந்துபோகவில்லை. இந்தியச் சிற்பத்துக்குச் சோழமண்டலம் கொடுத்த மறுக்க முடியாத கொடை இது. கிராமம் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும் என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். பற்றவைக்கும் கருவியும், தகடும், பக்கத்துப் பட்டறையில் அதே சிக்கலோடு போராடிக்கொண்டிருக்கும் இன்னொரு சிற்பியும் அருகருகே இருந்தது தற்செயல் இல்லை.

ஓவியத்தில் நிலைமை வேறு. பாத்திக்கின் இயல்பு இடத்தை நிரப்புவது. வளைகோடு, இலை, மீன், பறவை என்று துணியின் எந்த மூலையும் காலியாக விடப்படுவதில்லை. இந்தப் பழக்கம் கான்வாஸுக்குத் தாவியபோது, வலுவான கைகளில் அது செழுமையாயிற்று, எஸ்.ஜி. வாசுதேவின் மரங்களில் அதைக் காணலாம். வலுக்குறைந்த கைகளில் அலங்காரமாக உறைந்துவிட்டது. சோழமண்டல ஓவியங்களை வரிசையாகப் பார்க்கும்போது ஏற்படும் சலிப்பை நேர்மையான பார்வையாளர் எவரும் ஒப்புக்கொள்வார்: ஒரே மாதிரி நிரப்பல், ஒரே மாதிரிக் குறியீடுகள், பணிக்கரின் நிழல். ஒரே வேலியின் உள்ளே வாழ்பவர்கள் ஒருவர் கோட்டை ஒருவர் கடன் வாங்குவது இயற்கை. கடனைத் திருப்பிக் கொடுக்காமல் அதிலேயே குடியிருந்தவர்களும் அங்கே உண்டு. நண்பர்கள் சூழ இருப்பது ஒரு கலைஞனுக்குப் பலம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நண்பனின் படத்தைப் பார்த்து ‘இது வேண்டாம், கிழித்துப் போடு’ என்று சொல்லும் துணிவு அந்த நட்பில் இருந்தால்தான் அது பலம்.

அந்த வேலியை விட்டு வெளியே போனவர்களும் உண்டு. வேலு விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் அறுபதுகளின் இறுதியிலேயே பாரிஸுக்குப் போனார்கள். வாசுதேவ் பின்னாளில் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தார். சி. டக்ளஸ் ஜெர்மனி போய்த் திரும்பி வந்தார். போனவர்களில் சிலரின் கலை போன பிறகுதான் தன் முழு உயரத்தை எட்டியது. விஸ்வநாதனின் பிற்கால ஓவியங்களில் இருக்கும் வெறுமையும் ஒளியும், எந்த மூலையையும் காலியாக விடாத அந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரானவை. இதைக் கிராமத்தின் தோல்வியாக நான் எண்ணவில்லை. போகிறவனைத் தடுக்காத இடமாக அது இருந்தது; திரும்பி வந்தவனுக்கு அங்கே இடமும் இருந்தது.

நட்பின் எடையை அளக்க ஓவியர் கே. ராமானுஜத்தைவிட உண்மையான சான்று வேறில்லை. பேச்சு திக்கும், மனம் அடிக்கடி இருளும், உலகத்தின் எந்த அலுவலகமும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாத ஒரு மனிதர். ஒரு நாள்கூட அவரால் நெசவாளர் சேவை மையத்தின் மேசையில் உட்கார்ந்திருக்க முடியாது. பணிக்கர் அவரைக் கிராமத்துக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டார். மாளிகைகளும் பாம்புகளும் பறக்கும் உருவங்களும், நடுவே பெரிய தொப்பி அணிந்த அவரே உலவும் அந்தக் கனவுச் சித்திரங்கள் நமக்குக் கிடைத்ததற்கு அந்த அடைக்கலமே காரணம். சந்தானராஜுக்கும் ஆதிமூலத்துக்கும் கிராமம் தேவைப்படவில்லை என்று மேலே சொன்னேன். ராமானுஜத்துக்குத் தேவைப்பட்டது. அவர் ஒருவருக்காகவே அந்த நிலம் வாங்கப்பட்டிருந்தாலும் தகும்.

அதே ராமானுஜம் 1973இல், முப்பதுகளின் தொடக்கத்தில், தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டார். சக கலைஞர்கள் அவரை நேசித்தார்கள், உணவிட்டார்கள், வேலை செய்ய இடம் தந்தார்கள். தனிமையிலிருந்து அவரை மீட்க அவர்களால் முடியவில்லை. மருத்துவமும் நெருங்கிய பராமரிப்பும் கேட்கும் நோய்க்கு ஒரு கலைஞர் கூட்டு ஈடாகாது. இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் சோழமண்டலத்தை ஓர் ஒளிமயமான குடும்பமாக மட்டும் வரையும் எழுத்துகள் இந்த மரணத்தை ஒரு வரியில் கடந்துபோவதை ஏற்க முடியவில்லை. சி. மோகன் தன் ‘விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்’ நாவலில் அந்த வாழ்வை மையமாக்கினார். நம் கலை வரலாறு செய்யத் தயங்கியதைத் தமிழ் நாவல் செய்தது.

பெண்கள் விஷயத்தில் கிராமம் தன் காலத்தைத் தாண்டவில்லை. அனிலா ஜேக்கப், அர்னவாஸ் என்று விரல்விட்டு எண்ணும் பெயர்களே தொடக்க காலப் பட்டியலில் உள்ளன. மின்விளக்கும் கடையும் அருகில் இல்லாத மணற்பரப்பில் குடும்பம் நடத்தியவர்களைப் பற்றி நான் படித்த பாராட்டுரைகளில் ஒரு பத்திகூட இல்லை. அந்த உழைப்பும் கூட்டு முதலீட்டில் ஒரு பங்குதான். நன்றிப் பட்டியலில் அது சேர்க்கப்பட வேண்டும்.

மிகக் கடுமையான குறை அடுத்த தலைமுறை பற்றியது. பணிக்கர் 1977இல் மறைந்தார். அவர் தலைமுறையும் அவருக்கு அடுத்ததும் அந்த நிலத்தில் வாழ்ந்து முடித்தன அல்லது முதுமையில் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுஞ்சாலையாகி, ஈஞ்சம்பாக்கத்தின் நிலம் பொன்விலைக்குப் போய்விட்டது. இன்று கல்லூரியை முடித்து வரும், பணமில்லாத, திறமையுள்ள இருபத்திரண்டு வயது மாணவிக்கு அங்கே குடியேற வழியில்லை. 1966இல் எந்த இளைஞருக்காகக் கிராமம் எழுந்ததோ, அதே நிலையில் இன்று இருப்பவருக்கு அதன் பட்டறை தூரமாகிவிட்டது. 2009இல் அங்கே திறக்கப்பட்ட சமகாலக் கலை மையமும் அதன் அருங்காட்சியகமும் சென்னை இயக்கத்தை ஒரே கூரையின் கீழ்க் காணத் தருகின்றன. அந்தப் பணி மதிப்புக்குரியது. ஆனால் ஒரு பட்டறை அருங்காட்சியகமாக மாறும்போது அது தன் வேலையின் ஒரு பாதியை நிறுத்திவிட்டது என்றே பொருள். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் பொதுப் பட்டறைகள் இருக்கின்றன. அச்சு எந்திரமும் சூளையும் அங்கே கலைஞர்களுக்குக் கிடைக்கும். அங்கே கிடைக்காதது, வேலை முடிந்த பின்னும் கலையாத கூட்டம். சோழமண்டலத்தில் கூட்டம் இருந்தது, நுழைவாயில் இல்லாமல் போயிற்று. தனியார் உடைமையாகப் பிரிந்த மனைகள் அந்த ஏற்பாட்டின் வலிமையாக ஒரு தலைமுறைக்கு இருந்து, அடுத்த தலைமுறைக்கு அதன் பூட்டாகவும் ஆனதை மறைக்க முடியாது.

எல்லாவற்றையும் எடைபோட்ட பின் என் தீர்ப்பு இது. சோழமண்டலம் ஒரு கலைப் பாணியை உருவாக்கிய இடம் என்ற அளவில் நடுத்தரமானது. சிற்பத்தில் மட்டும் முதல் தரம். கலைஞர்கள் எவரிடமும் கையேந்தாமல் கூடி வாழ்ந்து உழைக்க முடியும் என்று செய்துகாட்டிய ஏற்பாடு என்ற அளவில், சுதந்திர இந்தியாவில் அதற்கு ஈடாக இன்னொன்றை நான் அறியேன். ஆகவே நன்றியைக் கைவினைச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்துக்கும், மெழுகுச் சட்டிக்கும், ராமானுஜத்துக்குத் திறந்த கதவுக்கும் சொல்வேன். கிராமத்தின் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பொதுவில் இருக்கும் இடங்களில் சிலவற்றையாவது பட்டறைகளாக்கி, வாடகை இல்லாமல், ஆண்டுக்கணக்கில், கல்லூரியிலிருந்து புதிதாக வெளிவரும் இளம் கலைஞர்களுக்குக் கொடுங்கள். காட்சியிட விற்பனையில் ஒரு பங்கு அவர்களின் சாப்பாட்டுக்குப் போகட்டும்.