கோட்டையும் குப்பமும்: ஒரு பயணக் கட்டுரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

சென்ற இதழில் வெளியான தரங்கம்பாடிப் பயணக் கட்டுரையைப் பலரும் விரும்பிப் படித்ததாக அறிகிறேன். நானும் விரும்பித்தான் படித்தேன். எழுதிய நண்பர் சரளமான தமிழ் கைவரப் பெற்றவர். முப்பது வருடம் டென்மார்க்கில் வாழ்ந்துவிட்டு, சோழமண்டலக் கரையிலே டெனிஷ் மன்னரின் முத்திரை பொறித்த ஒரு வாயிலின் கீழ் நிற்கும்போது ஒருவருக்கு ஏற்படும் உணர்ச்சி பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எட்டுப் பக்கக் கட்டுரையிலே அந்த ஊரில் இன்று வாழும் மனிதர் ஒருவர்கூட வாய் திறந்து பேசவில்லை. 'கரையில் சிலர் வலை காயவைத்துக்கொண்டிருந்தனர்' என்ற ஒரு வாக்கியம் மட்டும் உண்டு. அதுவும் சூரிய உதயத்தை வர்ணிக்கும் பந்தியில் வருகிறது.

இதைக் குறையாக எடுத்துக் கிளறுவது சிறுபிள்ளைத்தனம் என்று சிலருக்குத் தோன்றலாம். பயணக் கட்டுரை சமூகவியல் ஆய்வல்ல என்பது உண்மை. எனினும் எதைப் பார்க்கிறோம் என்பது நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நான் வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் என்னோடு நிற்கும் டெனிஷ்காரர் ஒருவர் அண்மையில் மனைவியோடு தரங்கம்பாடி போய்வந்தார். இடைவேளையில் கைத்தொலைபேசியில் படங்கள் காட்டினார். டான்ஸ்போர்க் கோட்டை, 1792 இல் கட்டிய நகர வாயில், ராஜா தெரு, புதிய எருசலேம் ஆலயம், விடுதி மாடத்திலிருந்து கடல். நண்பரின் கட்டுரையோடு வந்த படங்களும் இவையே, ஏறக்குறைய இதே ஒழுங்கில். அந்த டெனிஷ்காரர் தன் முன்னோரின் கட்டிடங்களைப் பார்க்கப் போனவர். அவரை நான் குறை சொல்ல முடியாது. நாம் யாருடைய கண்ணைக் கொண்டுபோனோம்?

முதலில் பெயரிலிருந்து தொடங்குகிறேன். 'பாடும் அலைகளின் ஊர்' என்று சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதுகின்றன, நண்பரும் எழுதுகிறார். தரங்கம் அலை, பாடி பாட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் வாணியம்பாடியில் வாணியர் பாடினார்களா? காட்பாடியில் காடு பாடியதா? பாடி என்பது குடியிருப்பு, சேரி. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றே சொல்கிறது. ஒரு குடியிருப்பைப் பாட்டாக மாற்றிவிட்டால் அங்கே குடியிருந்தவர் யார் என்ற கேள்வியும் எழாது. 'ஓசோன் நிறைந்த கடற்கரை' என்ற விளம்பரமும் இவ்வகையினதே. தரைமட்டத்தில் ஓசோன் கூடினால் அது நுரையீரலுக்குக் கேடு என்பது பள்ளிக்கூடப் பாடம். அதையும் நண்பர் மகிழ்ச்சியோடு திருப்பிச் சொல்லியிருப்பதுதான் ஆச்சரியம்.

அடுத்தது, 'நானூறு வருட நட்பு'. 2020 ஐ ஒட்டி இந்தச் சொற்றொடர் இங்கே நகரசபை மேடைகளிலும் எமது சங்கங்களின் மலர்களிலும் நிறையப் புழங்கியது. 'நீங்கள் ஏன் இங்கு வந்தீர்கள்?' என்று கேட்கப்பட்டே பழகிய எமக்கு, 'நீங்கள்தான் முதலில் வந்தீர்கள்' என்று மறுமொழி சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அந்தச் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் நடந்தது என்ன? 1618 இல் ஓவே யெட்டேயின் கப்பல்கள் கொப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்டது தரங்கம்பாடிக்கல்ல, இலங்கைக்கு. கண்டி அரசனோடு ஒப்பந்தம், திருகோணமலையில் கோட்டை என்பது திட்டம். அது கைகூடவில்லை. முன்னே அனுப்பப்பட்ட கப்பலைக் காரைக்கால் கரையோரம் போர்த்துக்கேயர் தாக்கி அழித்தார்கள். தப்பிய ரோலண்ட் கிராப்பேயும் சில மாலுமிகளும் தஞ்சை நாயக்கரின் அரண்மனையில் தஞ்சம் பெற்றனர். ஆக அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் கடலில் எல்லாம் இழந்த அகதிகள். ரகுநாத நாயக்கர் அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1620 இல் ஒப்பந்தம் எழுதினார். அவர் டென்மார்க் மன்னருக்குப் பொன் ஏட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கொப்பன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. 2019 இல் இதே டென்மார்க் அகதிகளுக்கான வதிவிட அனுமதியைத் தற்காலிகமானது என்று சட்டமாக்கியது. மேடையில் 'நட்பு' என்று பேசும்போது இவ்விரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு ஏன் தோன்றவில்லை?

தஞ்சம் பெற்றவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதும் உண்டு. இந்தக் கரையிலிருந்து மிளகும் பின்னர் துணியும் போயின. கொப்பன்ஹேகன் சேர்ந்த துணியில் ஒரு பகுதி மேற்காபிரிக்காவின் கினியாக் கரைக்கு ஏற்றப்பட்டு, அடிமைகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. அந்த மனிதர்கள் டெனிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். கடைசியில் 1845 இல், செரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலக் கொம்பனிக்கு ஊர் விற்கப்பட்டது. ஊரோடு சனங்களும் கைமாறினார்கள்.

சீகன்பால்கு பற்றி நண்பர் எழுதிய பகுதிதான் கட்டுரையில் சிறந்தது. நானும் அவரை மதிக்கிறேன். 1706 இல் வந்து இறங்கி, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகி, இரண்டே வருடத்தில் தமிழ் ஏட்டுச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் தயாரித்த ஒருவரை எப்படி மதிக்காமல் இருப்பது? ஆனால் 'தமிழின் முதல் அச்சுக்கூடம்' என்பது பிழை. தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் 1578 இலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. அதற்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறையின் பரதவர்கள், அதாவது கடற்கரைச் சனங்கள். இந்தச் செய்தி எந்தச் சுற்றுலாப் பலகையிலும் இல்லை.

இன்னொன்றையும் நண்பர் தவிர்த்திருக்கிறார். 1708 இன் இறுதியில் ஒரு விதவையின் வழக்கில் தலையிட்டதற்காக சீகன்பால்கு நான்கு மாதம் அடைத்து வைக்கப்பட்டது இதே டான்ஸ்போர்க் கோட்டையில். இவர் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலை ஹாலேயிலிருந்த மேலிடம் அச்சிட மறுத்தது. 1713 இல் எழுதப்பட்ட நூல் 1867 இல்தான் சென்னையில் வெளிவந்தது. கோட்டையும் மிஷனும் சீகன்பால்கும் ஒரே 'பாரம்பரியம்' என்று ஒரே நாள் நடைச்சுற்றில் அடங்கிவிடுகிறபோது, அவர்களுக்குள் நடந்த சண்டை காணாமற் போகிறது. புதிய எருசலேம் ஆலயத்திலேயே சாதிவாரியாக இருக்கை பிரிக்கப்பட்டிருந்ததும் காணாமற் போகிறது. 'சாதி கடந்த முதல் தமிழ்ச் சபை' என்று நண்பர் எழுதியதை அவர் மறுபரிசீலனை செய்யவேண்டும்.

இனி, கட்டுரை தொடாத இடத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில், அப்போது தரங்கம்பாடி சேர்ந்திருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மீனவக் குடும்பத்தினர். 2005 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் இருப்பவர்கள் உள்ளே தள்ளிப் போனால் ஒன்றரை இலட்சம் ரூபா பெறுமதியான வீடு உண்டு, பழைய மனையை அரசிடம் ஒப்படைக்கவேண்டும். போக விரும்பாதவர்கள் இருந்துகொள்ளலாம், உதவி இல்லை. இதை வெறும் சதி என்று சொல்வது நேர்மையல்ல. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் பலர் அலைச் சத்தம் கேட்காத இடத்துக்குப் போகத் தாமாகவே விரும்பினார்கள். ஆனால் மீனவருக்குக் கரை என்பது வேலைத்தலமும்கூட. விடியுமுன் எழுந்து காற்றின் திசை, நீரின் நிறம், நீரோட்டம் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துத்தான் கடலுக்குப் போவதா இல்லையா என்று தீர்மானிக்கிறார்கள். வலையும் இயந்திரமும் வைக்கவும் மீன் ஏலம் போடவும் பெண்கள் கருவாடு காயவைக்கவும் அந்த மணல் வேண்டும்.

அதே வருடங்களில்தான் தரங்கம்பாடியின் பழைய கட்டிடங்கள் திருத்தப்பட்டன. 2004 இல் டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் தன் தரங்கம்பாடித் திட்டத்தைத் தொடங்கியது. ஆளுநர் மாளிகை புதுப்பிக்கப்பட்டது. கடலைப் பார்த்து நின்ற ஆங்கிலேயர் காலத்துப் பங்களா விடுதியாயிற்று. இதில் சட்டப் பிழை எதுவும் இல்லை, முன்பே நின்ற கட்டிடங்களைத் திருத்தலாம். நல்ல வேலையும் நடந்திருக்கிறது. உள்ளூர்க் கொத்தனார்கள் பழைய சுண்ணாம்புப் பூச்சை மறுபடி பழகிக்கொண்டார்கள். எனக்குள்ள கேள்வி வேறு. கடலோரத்தில் நிற்க ஒரு சுவருக்கு உரிமை உண்டு, ஏனெனில் அது மரபு. கட்டுமரத்துக்கும் கருவாட்டுக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அந்தப் பெயர் ஏன் இல்லை? வந்துபோனவர் விட்டுச்சென்றது மரபு, இருந்துகொண்டிருப்பவர் செய்வது வெறும் பிழைப்பு என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது? 1306 இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. மரபுக்குள்ளேயும் வரிசை இருக்கிறது என்பதற்கு, எது எப்போது திருத்தப்பட்டது என்பதைப் பார்த்தாலே போதும்.

நான் ஒருமுறை அங்கே இரண்டு நாள் நின்றேன். மீன் ஏலம் கூறும் அம்மா ஒருவர், 'வெளிநாட்டிலயிருந்து வர்றவங்க எல்லாரும் கோட்டைக்குத்தான் வழி கேப்பாங்க. நீங்க என்னங்க இங்க நிக்கறீங்க?' என்று கேட்டார். என்ன மறுமொழி சொன்னேன் என்று நினைவில்லை. மீன் நாற்றம் பழகிய ஊரில் பிறந்தவன் என்று ஏதோ உளறியிருப்பேன்.

இதை நான் நண்பரோடு வாதாட மட்டும் எழுதவில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் துரத்தப்பட்ட சனங்கள் முகாம்களில் இருந்தபோது, காங்கேசன்துறைக் கரையில் இராணுவம் விடுதி நடத்தியது. இதே சஞ்சிகையில் நாம் எல்லோரும் அதைக் கண்டித்து எழுதினோம், சரியாகவே எழுதினோம். போருக்குப் பின் யாழ்ப்பாணக் கோட்டை நெதர்லாந்தின் உதவியோடு திருத்தப்பட்டபோது, 'எமது மரபு மீண்டது' என்று எழுதியவர்களும் எம்மிடையே உண்டு. ஒல்லாந்தர் கட்டிய சுவர் எமது மரபென்றால், அந்தச் சுவருக்கு எதிரே குருநகரிலும் பாசையூரிலும் மீன்பாடு குறைந்து தவிக்கிறவர்களின் கரை என்ன? அதைப் பற்றி எழுதும்போது மட்டும் நாம் 'பொருளாதாரப் பிரச்சினை' என்று தலைப்பிடுகிறோம். ஊரில் சாதியாலும் கடலாலும் நாம் பார்க்காமல் விட்டவர்களையே தரங்கம்பாடியிலும் பார்க்காமல் விட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். நண்பரும் நானும் வெள்ளாளத் தெருக்களில் வளர்ந்தவர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

டென்மார்க்கில் வாழ்ந்த தமிழரான பி. எஸ். ராமானுஜம், தரங்கம்பாடிச் சனங்கள் எழுதிய முறைப்பாடுகளையும் விண்ணப்பங்களையும் டெனிஷ் ஆவணங்களிலிருந்து தேடி எடுத்து, 2021 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாகத் தந்திருக்கிறார். 'கேட்கப்படாத குரல்கள்' என்பது அதன் தலைப்பின் பொருள். கொப்பன்ஹேகனுக்கு ரயிலில் போய்வரும் தூரத்தில் அந்தத் தாள்கள் இருக்கின்றன. நண்பருக்குத் தமிழும் தெரியும், டெனிஷும் தெரியும். அடுத்த கோடையில் அவர் ஒரு கிழமை அங்கே உட்கார்ந்து எழுதினால், இதே எட்டுப் பக்கத்தைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.