தாலோஸ் யாருடைய கடவுள்?

2011இல் வெளியான ‘ஸ்கைரிம்’ கணினி விளையாட்டில், போரில் நொடிந்த பேரரசு எல்ஃப்களோடு உடன்படிக்கை செய்து தாலோஸ் வழிபாட்டைத் தடைசெய்கிறது. நார்டு இனத் தலைவன் உல்ஃப்ரிக் கலகம் செய்கிறான். தடைசெய்யப்பட்ட கடவுள், அந்நியர் தலையீடு. இதுக்கு மேல என்ன வேணும்? நானும் கலகக்காரர் பக்கம்தான் சேர்ந்தேன்.

ஆனால் தாலோஸ் யார்? அதே பேரரசை நிறுவி, பிறகு கடவுளாக்கப்பட்ட மன்னன். அவனை வழிபடும் உரிமைக்கு ஈடாகத்தான் உல்ஃப்ரிக் முன்பு மார்க்கார்த் நகரை ரீச் பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கித் தந்தான். அவனுடைய விண்ட்ஹெல்ம் நகரில் டன்மர் அகதிகளுக்கு ஒதுக்குப்புறச் சந்து. ஆர்கோனியர்களுக்கு மதிலுக்குள் இடமே இல்லை.

உள்நாட்டுப் போரில் நாம் சேர இரண்டே பக்கங்கள். பூர்வகுடியின் பக்கம் மூன்றாவதாகக்கூட இல்லை. வழிபாட்டு உரிமை என்ற சொல்லாடலுக்கு அடியில் யார் நிலம் கிடக்குன்னு, சேருமுன் நான் கேட்டிருக்கணும்.